பின் டிஃபரன்ஷியலின் வரலாறும் பழுதறியும் முறையும்

மோட்டார் வாகனத்தின் இயந்திர ஆற்றலை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளித்து, அதே நேரத்தில் அவ்விரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் பல்சக்கரத் தொகுதி டிஃபரன்ஷியல் எனப்படும். தமிழில் இதனை வேறுபாட்டுப் பல்லிணை என்றும் குறிப்பிடுவர். பின்சக்கரங்களால் உந்தப்படும் கார்களில் இது பின் அச்சின் நடுவே, வார்ப்பு உலோகக் கூடு ஒன்றுக்குள், மசகு எண்ணெயில் பாதி மூழ்கிய நிலையில் அமைந்திருக்கும். இதன் இரு முதன்மைப் பல்சக்கரங்களின் பெயரைச் சேர்த்து 'கிரவுன் பினியன்' என்று சொல்வது பட்டறை வழக்கு.

இது ஒரே ஆளின் கண்டுபிடிப்பு அன்று. கடிகாரம் செய்தவர்கள், மிதிவண்டி செய்தவர்கள், பல்சக்கரம் வெட்டும் இயந்திரங்களை உருவாக்கியவர்கள், பந்தயக் கார் பொறியாளர்கள் எனப் பலரின் உழைப்பு இதில் சேர்ந்துள்ளது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய வடிவத்தின் ஒரு குறையைத் தீர்த்தது. கூடவே தனக்கே உரிய தேய்மானத்தையும், எண்ணெய்த் தேவையையும், பழுதின் அறிகுறியையும் கொண்டுவந்தது. ஆகவே, பழைய விளையாட்டுக் கார் ஒன்றின் பின்பக்கத்தில் எழும் ஓசைக்குக் காரணம் தேடுபவர், அக்கூட்டுக்குள் இருப்பது எந்தத் தலைமுறை டிஃபரன்ஷியல் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். அதை அறியாமல் நல்ல பல்சக்கரங்களைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. அழியும் நிலையில் இருந்ததை நல்லதென நம்பி வாங்கியவர்களும் உண்டு.

வளைவில் எழுந்த சிக்கல்

ஒரு வாகனம் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடவேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலம் இருப்பதாகக் கொண்டால், ஒரு முழு வட்டத்தைச் சுற்றி முடிக்கையில் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 8.8 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து இந்த வேறுபாடு மாறாது. தெருமுனையில் ஒரு செங்கோணத் திருப்பத்திற்கே இது 2.2 மீட்டர் ஆகிறது.

மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும் இது சிக்கலாக இருக்கவில்லை. அவற்றின் சக்கரங்கள் அச்சின்மீது தனித்தனியே சுழல்பவை. சக்கரங்களை அச்சு வழியாக இயந்திரமே சுழற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுகப் பூட்டினால் திருப்பத்தில் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் உரசி இழுபடும். ஒரு சக்கரத்தை மட்டும் இயக்கினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பிடிமானமும் பாதியாகும்.

கடிகாரத்திலிருந்து காருக்கு

டிஃபரன்ஷியலின் தொன்மை பற்றிப் பல கருத்துகள் உண்டு. பண்டைய சீனத்தில், எப்பக்கம் திரும்பினாலும் தென்திசையையே சுட்டும் பொம்மை பொருத்திய தேர் ஒன்று இருந்ததாகச் சீன நூல்கள் கூறுகின்றன. அதற்குள் டிஃபரன்ஷியல் போன்ற அமைப்பு இருந்திருக்கலாம் என்று பிரித்தானியப் பொறியாளர் ஜார்ஜ் லான்செஸ்டர் 1947 இல் விளக்கினார். ஆயினும் அத்தேர் எதுவும் இன்று எஞ்சவில்லை. கிரேக்கக் கடலடியில் கிடைத்த ஆன்டிகிதெரா கருவியில் டிஃபரன்ஷியல் உள்ளதாக 1970களில் கருதப்பட்டது. பின்னர் நடந்த ஊடுகதிர் ஆய்வுகள் அக்கருத்தை ஏற்கவில்லை.

சாலை வாகனத்துக்கான வரலாறு பிரான்சில் தொடங்குகிறது. கடிகாரத் தொழிலில் பயின்ற ஒனெசிஃபோர் பெக்கர், 1820களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1832 இல் சாலை நீராவி வண்டிக்கான இழப்பீட்டுப் பல்லிணையை முன்வைத்தார்.

பரவலான பயன்பாட்டுக்கு இதைக் கொண்டுவந்தது மிதிவண்டித் தொழில். கவென்ட்ரி நகரின் ஜேம்ஸ் ஸ்டார்லி, இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வண்டிகளைச் செய்துவந்தார். ஆளுக்கொரு சக்கரத்தை மிதிக்கும் வண்டியில், வலுவுள்ளவர் ஓங்கி மிதித்தால் வண்டி மற்றவர் பக்கம் திரும்பிவிடும். தம் மகனுடன் அப்படி ஓட்டிப் பார்த்தபோதுதான் இரு பக்கத்துக்கும் விசையைச் சமமாகப் பகிரும் பல்லிணையின் தேவை அவருக்குப் புலப்பட்டது என்று சொல்லப்படுவதுண்டு. 1877 இல் அவர் மூன்று சக்கர மிதிவண்டிக்கு டிஃபரன்ஷியலைப் பொருத்தினார்.

1886 இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்சின் மூன்று சக்கர மோட்டார் வண்டியிலும் டிஃபரன்ஷியல் இருந்தது. அதில் ஆற்றல் சங்கிலிகள் வழியாகப் பின்சக்கரங்களை அடைந்தது. 1898 இல் லூயி ரெனோ தம் சிறு காரில் சங்கிலியை விலக்கி, நீண்ட தண்டு ஒன்றின் வழியே ஆற்றலைப் பின் அச்சுக்குக் கொண்டுசென்றார். முன்னே இயந்திரம், நடுவே சுழலும் தண்டு, பின்னே டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு அதன்பின் பல பத்தாண்டுகள் கார்களின் பொது இலக்கணமாயிற்று.

கிரவுனும் பினியனும் எண்ணெயும்

நீளவாக்கில் வரும் தண்டின் சுழற்சியைக் குறுக்குவாக்கில் உள்ள அச்சுக்குத் திருப்ப, தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும், அதனோடு பொருந்தும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் தேவை. தொடக்கத்தில் இவற்றின் பற்கள் நேராக வெட்டப்பட்டன. ஒரு பல் விலகி அடுத்த பல் பொருந்தும் ஒவ்வொரு முறையும் தட்டும் ஓசை கேட்கும். அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் 1913 அளவில் வளைந்த பற்களை வெட்டும் இயந்திரத்தை உருவாக்கியது. வளைந்த பற்களில் ஒரு பல் முழுவதும் விலகும் முன்பே அடுத்தது பொருந்திவிடுவதால் ஓசை குறைந்தது.

1920களின் நடுவில் அதே நிறுவனம் ஹைப்பாய்டு என்ற வடிவத்தைக் கொணர்ந்தது. இதில் பினியனின் மையக்கோடு கிரவுனின் மையக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அதனால் புரொப்பல்லர் தண்டு தாழ்ந்து, காரின் தளமும் தாழ்ந்தது. பேக்கார்டு நிறுவனம் இதனை முதலில் ஏற்றது. பற்கள் பெரிதாகவும் வலுவாகவும் அமைந்தன.

ஆனால் ஹைப்பாய்டுப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, கடும் அழுத்தத்தில் நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் அறுந்துவிடும். இதற்காகக் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்த உயரழுத்த எண்ணெய்கள் உருவாயின. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வகைப்பாட்டில் ஜிஎல்-5 எனக் குறிக்கப்படுபவை இவையே. கியர் பெட்டிக்குரிய ஜிஎல்-4 எண்ணெயில் இச்சேர்மங்கள் குறைவு. அதனை ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலில் ஊற்றினால் பற்களின் மேற்பரப்பு சிதையும். மாறாக, ஜிஎல்-5 எண்ணெய் சில கியர் பெட்டிகளின் பித்தளை வளையங்களைப் பாதிக்கக்கூடும். அருகருகே உள்ள இரு பெட்டிகளுக்கு இரு வேறு எண்ணெய்கள் தேவைப்படுவதன் காரணம் இது.

சறுக்கல் கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியல்

எளிய டிஃபரன்ஷியலில் கிரவுனோடு பிணைந்த கூட்டுக்குள் ஸ்டார் பினியன்கள் எனப்படும் சிறு பல்சக்கரங்கள் உள்ளன. இவை இரு ஆக்சில் தண்டுகளுக்கும் எப்போதும் சமமான திருப்பு விசையையே அளிக்கும். நேர்மை போலத் தோன்றும் இப்பண்பே அதன் பெருங்குறை. ஒரு சக்கரம் சேற்றில் நின்றால் அதனால் தாங்கக்கூடிய சிறு விசை மட்டுமே நல்ல தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நகராது, சேற்றிலுள்ள சக்கரம் வீணே சுழலும். வேகமாக வளைவைக் கடக்கும் விளையாட்டுக் காரில் உட்பக்கச் சக்கரத்தின் மீதான பாரம் குறைந்து இதே நிலை ஏற்படுகிறது.

1930களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இச்சிக்கல் கடுமையாக வெளிப்பட்டது. அவற்றை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே, இசட்எஃப் நிறுவனத்திடம் தீர்வு வேண்டினார். 1935 அளவில் அந்நிறுவனம் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலை வழங்கியது. பொதுமக்கள் வாங்கும் அமெரிக்கக் கார்களில், உராய்வுத் தட்டுகள் கொண்ட வகையைப் பேக்கார்டு 1956 இல் அறிமுகம் செய்தது.

இதன்பின் வளர்ச்சி மூன்று வழிகளில் பிரிந்தது. முதலாவது, உராய்வுத் தட்டு வகை. கூட்டுக்குள் அடுக்கிய தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தி, இரு தண்டுகளும் தனித்தனியே ஓடுவதைத் தடுக்கும். இரண்டாவது, பாகுநிலை வகை. மூடிய உருளைக்குள் மெல்லிய தட்டுகள் சிலிக்கான் திரவத்தில் மூழ்கியிருக்கும். இரு பக்க வேகமும் வேறுபட்டால் திரவம் அதனை எதிர்க்கும். மூன்றாவது, பல்சக்கரங்களின் உராய்வையே பயன்படுத்தும் டார்சன் வகை. வெர்னன் கிளீஸ்மன் இதற்கு 1958 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1982 இல் அதன் உரிமை கிளீசன் நிறுவனத்திடம் சென்றது.

மாஸ்டா எம்எக்ஸ்-5

இந்த வரலாற்றின் பிற்பகுதியை ஒரே காரின் சில ஆண்டுகளில் காணலாம். மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அது விற்கப்பட்டது. அமெரிக்க வாகன இதழாளர் பாப் ஹாலின் கருத்தில் விதையூன்றிய இத்திட்டத்துக்கு டோஷிஹிகோ ஹிராய் தலைமைப் பொறியாளர். 1960களின் பிரித்தானியத் திறந்த கார்களைப் போல எடை குறைந்ததாய், இருவர் மட்டும் அமரக்கூடியதாய், பின்சக்கர உந்துதல் கொண்டதாய் அது அமைந்தது. 2000 ஆம் ஆண்டில் உலகில் மிகுதியாக விற்ற இருவர் விளையாட்டுக் கார் எனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. 2016 ஏப்ரலில் அதன் உற்பத்தி பத்து இலட்சத்தை எட்டியது. இவ்வளவு கார்கள் புழங்குவதால் பழைய எம்எக்ஸ்-5 இன்றும் பலர் வாங்கும் முதல் விளையாட்டுக் காராக உள்ளது.

முதலில் வந்த 1.6 லிட்டர் காரில் 6 அங்குலக் கிரவுன் கொண்ட சிறிய டிஃபரன்ஷியல் இருந்தது. அதன் விகிதம் 4.3, அதாவது கிரவுனில் 43 பற்கள், பினியனில் 10 பற்கள். எளிய வகையே அடிப்படை. பாகுநிலை வகை விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. 1993 இறுதியில் 1.8 லிட்டர் இயந்திரம் வந்தபோது 7 அங்குலக் கிரவுன் கொண்ட வலுவான டிஃபரன்ஷியல் பொருத்தப்பட்டது. விகிதம் 4.1 ஆனது. பாகுநிலை வகையின் இடத்தை டார்சன் பிடித்தது. சில ஆண்டுகளுக்குள் அதிலும் முதல் வகை போய் இரண்டாம் வகை வந்தது. சில நாடுகளில் 1.6 லிட்டர் கார்களில் சிறிய டிஃபரன்ஷியலே தொடர்ந்தது. ஆகவே, ஆண்டை மட்டும் வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்ய இயலாது. முன்னைய உரிமையாளர் மாற்றியிருக்கவும் கூடும்.

ஓசையின் வழியே பழுதறிதல்

டிஃபரன்ஷியலைத் திறக்கும் முன் காரை ஓட்டிக் கேட்பதே முதல் சோதனை. ஓசையின் சுருதியும், அது மாறும் தருணமும் பழுதின் இடத்தைக் காட்டும்.

முதல் எம்எக்ஸ்-5 காரின் 185/60-14 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 11 முறை சுழலும். விகிதம் 4.1 என்றால் பினியன் வினாடிக்கு 45 முறை சுழலும். பினியனின் 10 பற்களும் அதே வேகத்தில் கிரவுனோடு பொருந்துவதால், வினாடிக்கு ஏறத்தாழ 450 முறை பல் பல்லோடு சேரும். ஆகவே பற்களின் பழுது, பாடும் குரலின் எல்லைக்குள் அடங்கும் தெளிவான ஒற்றைச் சுருதியாகக் கேட்கும்; வேகம் கூடினால் அதுவும் ஏறும். சக்கர பேரிங்கின் பழுதோ தாழ்ந்த உறுமலாக இருக்கும். பினியன் பேரிங்கின் ஓசை இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

அடுத்து, பாரம் மாறும்போது ஓசை என்ன ஆகிறது என்று கவனிக்கவேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பற்களின் ஒரு பக்கமும், விடும்போது மறுபக்கமும் விசையைத் தாங்குகின்றன. அழுத்தும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் ஊளையிடும் ஓசை எழுந்தால், பற்கள் பொருந்தும் இடம் விலகியிருக்கிறது அல்லது பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். இரு நிலையிலும் மாறாமல் வேகத்தை மட்டுமே பின்தொடரும் உறுமல் பேரிங்கைச் சுட்டும். காரை இடமும் வலமும் மெல்லத் திருப்பும்போது அந்த உறுமல் கூடிக் குறைந்தால் அது பெரும்பாலும் சக்கர பேரிங். சாலையின் பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் காரணம் டயர்.

கியர் பெட்டியைப் பிரித்தறிய, போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில் நியூட்ரலுக்கு மாற்றிக் காரை உருளவிடலாம். இயந்திரம் மெல்ல ஓடும் அந்நிலையிலும் ஓசை குறையாமல் நீடித்தால், தேடவேண்டிய இடம் பின் அச்சு.

கிளச்சை விட்டவுடன் பின்னால் 'டங்' என ஒருமுறை தட்டும் ஓசையைப் பலர் டிஃபரன்ஷியலின் முடிவு என்று எண்ணிவிடுகின்றனர். பெரும்பாலும் காரணம் வேறு: புரொப்பல்லர் தண்டின் இணைப்புகள் தேய்ந்திருக்கலாம், டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கிழிந்திருக்கலாம். எம்எக்ஸ்-5 காரில் கியர் பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதன் போல்ட்டுகள் தளர்ந்தாலும் இதே ஓசை வரும். இவையெல்லாம் டிஃபரன்ஷியலைப் பிரிக்காமலே சரிசெய்யக்கூடியவை.

திருப்பத்தில் மட்டும் ஓசை எழுந்தால் நேர்ச்சாலையில் ஓய்ந்திருக்கும் உறுப்புகளைப் பார்க்கவேண்டும். எளிய வகையில் அவை ஸ்டார் பினியன்கள். உராய்வுத் தட்டு வகையில், மெதுவான திருப்பத்தில் எழும் அதிர்வும் முனகலும் தட்டுகளின் இயல்பாகவே இருக்கலாம். உராய்வைச் சீராக்கும் சேர்மம் கலந்த உரிய எண்ணெயை ஊற்றினாலே பல கார்களில் இது அடங்கிவிடும். பந்தயத் தடங்களில் ஓடிய பழைய எம்எக்ஸ்-5 கார்களில் பின்னாளில் இவ்வகை பொருத்தப்பட்டிருப்பது உண்டு.

சக்கரங்களைத் தூக்கிச் சோதித்தல்

உள்ளே இருப்பது எந்த வகை என்று அறிய, முன்சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, இரு பின்சக்கரங்களையும் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் காரை நிறுத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் செல்வது உயிருக்கு ஆபத்து. பின்னர் நியூட்ரலில் ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றவேண்டும்.

எளிய வகையில் மறுசக்கரம் எதிர்த்திசையில் தடையின்றிச் சுழலும். நல்ல நிலையிலுள்ள உராய்வுத் தட்டு வகையில் மறுசக்கரமும் அதே திசையில் சுழலும். அல்லது கடுமையாக எதிர்க்கும். பாகுநிலை வகை, மெல்லத் திருப்பினால் இளகியும் வேகமாகத் திருப்பினால் இறுகியும் இருக்கும். ஆனால் பழைய கார்களில் சிலிக்கான் திரவம் தன் தன்மையை இழந்திருக்கும். அப்போது அது எளிய வகையைப் போலவே நடந்துகொள்ளும். உருளை மூடி முத்திரையிடப்பட்டது என்பதால் அதனைப் புதுப்பிக்க வழியில்லை. 'சறுக்கல் கட்டுப்பாடு உண்டு' என்று விளம்பரம் செய்யப்படும் 1.6 லிட்டர் காரை வாங்குவோர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

டார்சன் வகையில்தான் தவறான முடிவுகள் அதிகம். அதிலும் மறுசக்கரம் எதிர்த்திசையிலேயே சுழலும். சற்று இறுக்கம் மட்டுமே தெரியும். இதைப் பார்த்து டிஃபரன்ஷியல் கெட்டுவிட்டது என்றோ, அது எளிய வகை என்றோ முடிவு செய்வது பிழை. டார்சன், குறைந்த பிடிமானமுள்ள சக்கரம் தாங்கும் விசையைப் போலச் சில மடங்கு விசையை மற்றச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. இரு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கும்போது தாங்கப்படும் விசை ஏறத்தாழ பூச்சியம். பூச்சியத்தின் மடங்கும் பூச்சியமே. அதனால் அதன் நிலையைச் சாலையில் பாரத்தோடு ஓட்டியே அறியமுடியும்.

எண்ணெய்ச் சோதனையும் மாற்றமும்

எண்ணெய் மாற்றுவது பராமரிப்பு மட்டுமன்று. செலவு குறைந்த சோதனையும் ஆகும். கார் சற்று ஓடி எண்ணெய் இளகியபின், காரைச் சமதளத்தில் நிறுத்தவேண்டும். முதலில் மேலுள்ள நிரப்பும் அடைப்பைத் திறந்து பார்த்தபின்னரே கீழுள்ள வடிக்கும் அடைப்பைத் திறப்பது விதி. எண்ணெயை வடித்தபின் நிரப்பும் அடைப்பு துருவேறித் திறக்காமல் போனால் கார் அங்கேயே நின்றுவிடும்.

வடிக்கும் அடைப்பின் காந்தத்தில் மை போன்ற நுண்ணிய சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. கையில் நெருடும் துகள்கள், செதில்கள், பல்லின் துண்டுகள் இருந்தால் கூட்டைப் பிரித்தே ஆகவேண்டும். பால் கலந்தது போன்ற நிறம் நீர் புகுந்ததைக் காட்டும். அழுகிய முட்டையின் நாற்றம் ஜிஎல்-5 எண்ணெயிலுள்ள கந்தகத்தின் இயல்பு. அதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. கரிந்த வாடையும் தார் போன்ற கருமையும் சேர்ந்திருந்தால் அது மிகுந்த சூட்டின் அடையாளம்.

7 அங்குல டிஃபரன்ஷியலுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் எண்ணெய் போதும். 6 அங்குலத்துக்கு அதைவிடக் குறைவு. நிரப்பும் துளையின் விளிம்புவரை ஏறி எண்ணெய் வழியத் தொடங்குவதே சரியான மட்டம். டார்சன் வகைக்கு உராய்வைச் சீராக்கும் சேர்மம் தேவையில்லை. அதன் வேலையே உராய்வினால் நடப்பது.

கூட்டின் முன்புறம் பினியன் அருகிலும், ஆக்சில் தண்டுகள் வெளிவரும் இரு பக்கங்களிலும் எண்ணெய்க் கசிவைத் தேடவேண்டும். ஆயில் சீலை மாற்றும் முன், கூட்டின் மேலுள்ள காற்றுத் துளை அடைபட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது. அது அடைபட்டால் சூட்டில் விரியும் காற்று எண்ணெயைச் சீல் வழியாக வெளியே தள்ளும்; புதிய சீலும் விரைவில் கசியும். கசிவைக் கவனிக்காமல் விட்டால் எண்ணெய் குறைந்து, பினியன் பேரிங் சூடேறி இறுகிப் பின்சக்கரங்களை ஓட்டத்திலேயே பூட்டிவிடவும் கூடும்.

பிரித்துச் சீர்செய்தல்

பல டிஃபரன்ஷியல்களில் பினியனின் இரு பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் குழல் ஒன்று உண்டு. பினியன் நட்டை இறுக்கும்போது அது நசுங்கி, பேரிங்குகளுக்கு உரிய இறுக்கத்தைத் தரும். அளவுக்கு மீறி நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புதிய குழலைப் போட்டு மீண்டும் தொடங்கவேண்டும். பினியன் சீலை மாற்றுவது எளிய வேலையாகத் தோன்றினாலும், நட்டின் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளாமல் இறுக்கியதால் நல்ல பேரிங்குகள் சூடேறி அழிவதுண்டு.

கிரவுனும் பினியனும் ஆலையில் ஒன்றோடொன்று உரசித் தேய்த்துப் பொருத்தப்பட்ட இணை. ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். பொருத்தும்போது மூன்று அளவுகள் ஒத்துவர வேண்டும்: பினியன் உள்ளே புகும் ஆழம், பேரிங்குகளின் இறுக்கம், பற்களுக்கு இடையே விடும் இடைவெளி. எம்எக்ஸ்-5 காரில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. இறுதியில் பற்களில் வண்ணப்பசை பூசிச் சுழற்றி, பதியும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பர். தடம் மேலோ கீழோ, உள்ளோ வெளியோ விலகியிருந்தால் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்துச் சீராக்குவர். கிளீசன் இயந்திரங்கள் வளைந்த பற்களை வெட்டத் தொடங்கிய காலம் முதல் இத்தடமே பொருத்தத்தின் சான்று.

இவ்வேலைக்கு நுண்ணளவுக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும். அதனால் எம்எக்ஸ்-5 உரிமையாளர்கள் பலர், விபத்தில் சிக்கிய காரிலிருந்து எடுத்த முழு டிஃபரன்ஷியலையே பொருத்துகின்றனர். சிறிய 6 அங்குல வகையை நீக்கி 7 அங்குலத்தைப் பொருத்துவது, குறிப்பாக டர்போ சேர்த்த கார்களில், பழகிய முறை. ஆனால் கூட்டை மட்டும் மாற்றினால் போதாது; அதற்கு ஏற்ற புரொப்பல்லர் தண்டும் ஆக்சில் தண்டுகளும் வேண்டும். கழற்றும்போது கியர் பெட்டியைத் தாங்கி நிறுத்துவதும், திரும்பப் பூட்டும்போது அலுமினியச் சட்டத்தை உரிய உயரத்தில் அமைப்பதும் இன்றியமையாதவை. தவறினால் டிஃபரன்ஷியல் நல்லதாக இருந்தும் கார் அதிரும்.

முடிவுரை

பழுதறிதலின் வரிசை, செலவு குறைந்ததிலிருந்து மிகுந்ததை நோக்கிச் செல்லவேண்டும்: காரை ஓட்டிக் கேட்டல், டயரையும் சக்கர பேரிங்கையும் விலக்குதல், புஷ்களையும் இணைப்புகளையும் பார்த்தல், எண்ணெயை வடித்துக் காந்தத்தைக் காணல், வகையை உறுதிசெய்தல், அதன்பின்னரே பிரித்தல். பினியன் பேரிங்கின் உறுமலும் காந்தத்தில் உலோகச் செதில்களும் சேர்ந்து தெரியும் காரை மட்டும் அதற்குமேல் ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

டிஃபரன்ஷியலின் வளர்ச்சி இன்னும் ஓயவில்லை. முடுக்கும்போது ஒரு விதமாகவும் வேகம் தணியும்போது வேறு விதமாகவும் செயல்படும் சறுக்கல் கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியலை எம்எக்ஸ்-5 காரில் மாஸ்டா 2023 இல் அறிமுகம் செய்தது. ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனி மோட்டார் கொண்ட மின்கார்களில் டிஃபரன்ஷியலே இல்லை. இரு சக்கரங்களின் வேக வேறுபாட்டை மின்னணுக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்கிறது. ஆயினும் சாலையில் ஓடும் பழைய விளையாட்டுக் கார்களின் பின் அச்சில், ஸ்டார்லி மிதிவண்டிக்குப் பொருத்தியதும், கிளீசன் வளைத்து வெட்டியதும், கிளீஸ்மன் காப்புரிமை பெற்றதும் ஒரே கூட்டுக்குள் எண்ணெயில் நனைந்து சுழல்கின்றன.